தேயிலைத் தோட்டமும் ஈறு நோயும்

மலேசியாவின் கேமரன் மலையில், பிரிஞ்சாங்கிலிருந்து திரிங்காப்பைத் தாண்டிக் கம்போங் ராஜாவை நோக்கிச் செல்லும் மலைச்சாலையில், காய்கறித் தோட்டங்களின் பிளாஸ்டிக் கூரைகளுக்கிடையே அமைந்திருக்கும் கோலா தெர்லாவில், விடியற்காலையில் ஒரு குழாயடியில் நின்று பார்ப்பவர்களுக்கு ஒரு காட்சி தவறாமல் கிட்டும். நாற்பது வயதைக் கடந்த ஒருவர் பல் துலக்கி முடித்து, உள்ளங்கையில் ஏந்திய தண்ணீரை வாயில் விட்ட மறுகணமே, கண்களை இறுக மூடிக் கன்னத்தை ஒரு கையால் பொத்திக்கொண்டு அதைத் துப்பிவிடுவார். மலைத்தண்ணீரின் குளிர்ச்சிதான் காரணம் என்று அவர் சொல்வார். பக்கத்தில் நிற்பவர்களும் ஆமோதிப்பார்கள். ஆனால், அதே குழாயில் அதே தண்ணீரை வாங்கிக் கொப்பளிக்கும் அவருடைய மகளுக்கு அந்தக் கூச்சம் ஏற்படுவதில்லை. ஈறு சுருங்கி விலகியதால், அது இதுகாறும் போர்த்திக் காத்துவந்த பல்லின் வேர் வெளியே தெரியத் தொடங்கிவிட்டது என்பதே உண்மைக் காரணம். கூச்சத்துக்கு அஞ்சி மறுநாள் அவர் இன்னும் அவசரமாகத் துலக்குகிறார். அவசரத்தில் ஈறோரத்து அழுக்கு அங்கேயே தங்கிவிடுகிறது. தங்கிய அழுக்கு ஈறை மேலும் விலக்குகிறது. இப்படியே சில வருஷங்கள் கழிந்தபின், ஒரு நாள் சோற்றை மெல்லும்போது பல் ஆடுகிறது.

'வயசாயிடுச்சு, பல்லு ஆடத்தானே செய்யும்' என்பது அப்போது தோட்டப்புறத்தில் சொல்லப்படும் சமாதானம். எத்தனையோ விஷயங்களில் மூத்தோரின் அனுபவத்துக்குத் தலைவணங்குகிற நான், இந்த ஒரு விஷயத்தில் அவர்கள் வாக்கை ஏற்க இயலாதவனாக இருக்கிறேன். தலை நரைப்பதைப் போலவே பல் விழுவதும் மூப்பின் தர்மம் என்னும் அபிப்பிராயம், நோயை இயற்கை என்று நம்பவைத்து, தடுத்திருக்கக்கூடிய துன்பத்தைப் பொறுமையோடு சகித்துக்கொள்ளக் கற்பித்துவிடுகிறது. ஈறு நோய் மூப்பின் விளைவு மட்டுமன்று, தலைவிதியுமன்று என்பதை உலகுக்கு ஐயந்திரிபற எடுத்துக்காட்டிய ஆராய்ச்சிகளுள் மிகப் பிரசித்தமானது, தமிழர்கள் கொழுந்தெடுத்து வாழ்ந்த ஒரு தேயிலை மலையிலேயே நிகழ்ந்தது என்பதைக் கேமரன் மலைத் தோட்டங்களில் அறிந்தவர்கள் மிகச் சிலரே. அந்த வரலாற்றைச் சொல்வதற்கு முன்னர், நோயின் இயல்பைச் சற்று விளக்கியாக வேண்டும்.

பல் துலக்கிய சில மணி நேரத்துக்குள்ளாகவே, கண்ணுக்குப் புலப்படாத கிருமிகள் பல்லின்மீது ஒட்டிக்கொண்டு, மெல்லிய, வழவழப்பான ஒரு படலமாகப் பெருகத் தொடங்குகின்றன. பல்லுக்கும் ஈறுக்கும் இடையே இயற்கையாகவே ஓர் ஆழமற்ற பள்ளம் உண்டு. ஆரோக்கியமான வாயில் அதன் ஆழம் பெரும்பாலும் மூன்று மில்லிமீட்டருக்கு மேற்படுவதில்லை. அழுக்குப் படலம் அந்தப் பள்ளத்தின் ஓரத்தில் நாட்கணக்கில் கிடக்குமானால், சரீரம் தன் காவற்படையை அங்கே அனுப்புகிறது. ஈறு சிவந்து வீங்குகிறது. பிரஷ் பட்டாலோ கரும்பைக் கடித்தாலோ ரத்தம் கசிகிறது. இதுவே நோயின் முதல் நிலை. இந்த நிலையில் வலி இராது. அதனாலேயே எவரும் இதைப் பொருட்படுத்துவதில்லை. இரண்டாம் நிலையில் பள்ளம் ஆழமாகிப் பையாக மாறுகிறது. காற்றுப் புகாத அந்த ஆழத்தில் வேறு வகைக் கிருமிகள் குடியேறுகின்றன. அவற்றை விரட்ட முனைந்து இடைவிடாமல் போராடும் சரீரத்தின் அழற்சியே பல்லைத் தாங்கும் நார்களையும் எலும்பையும் கரைத்துவிடுகிறது. மழைக்காலத்தில் இந்த மலைச்சரிவுகளில் வேரடி மண் அரித்துப்போன பின்னும் செடி பச்சைப் பசேலென்று நின்றுகொண்டிருப்பதை நாம் பார்த்திருக்கிறோம். சொத்தையில்லாத, வெள்ளை வெளேரென்ற பல் ஒன்று ஆடி விழுவதும் அவ்வாறே; பழுது பல்லில் அன்று, அது ஊன்றி நின்ற நிலத்தில்தான். முதல் நிலையிலிருந்து ஈறு முற்றும் குணமடையும். கரைந்த எலும்போ தானாக மீண்டும் வளர்வதில்லை. இந்த இரண்டு நிலைகளுக்கும் நடுவே இருக்கும் எல்லைக்கோடுதான் இக்கட்டுரையின் முழு விஷயமும்.

பல்லழுக்கில் உயிர்கள் உண்டு என்பது புதிய செய்தியன்று. ஹாலந்து தேசத்து லீவன்ஹுக் தம் பல்லிடுக்கிலிருந்து சுரண்டிய வெண்மையான பொருளைத் தாமே கடைந்த ஆடியின்கீழ் வைத்துப் பார்த்து, அதில் நெளிந்தோடிய நுண்ணுயிர்களைப் பற்றி 1683-ஆம் ஆண்டிலேயே லண்டன் ராயல் சங்கத்துக்கு எழுதினார். ஆயினும், அந்த அழுக்குதான் ஈறு நோய்க்கு மூலகாரணம் என்பது பிரத்தியட்சமாக நிரூபணமானது 1965-இல்தான். நார்வே நாட்டவரான ஹரால்ட் லோ என்னும் பேராசிரியரும் அவருடைய சகாக்களும், டென்மார்க்கில் ஆரோக்கியமான ஈறுகளையுடைய பன்னிரண்டு பேரைப் பல் துலக்குவதை அடியோடு நிறுத்தச் செய்தார்கள். பத்து நாள் முதல் இருபத்தொரு நாளுக்குள் அனைவருடைய ஈறுகளும் வீங்கின. மீண்டும் துலக்கத் தொடங்கியதும் சுமார் ஒரு வாரத்தில் அனைவருடைய ஈறுகளும் பழைய நிலைக்குத் திரும்பின. இதைவிட எளிமையான, இதைவிடத் தெளிவான பரிசோதனையை மருத்துவச் சரித்திரத்தில் காண்பது அரிது.

ஆனால் அந்தப் பரிசோதனை ஒரு பெரிய கேள்வியைப் பதிலின்றி விட்டுவைத்தது. மூன்று வாரத்தில் வீங்கும் ஈறு முப்பது வருஷம் கவனிப்பாரற்றுக் கிடந்தால் என்ன ஆகும்? எல்லோருக்கும் எலும்பு கரையுமா, சிலருக்கு மட்டுமா? இதற்கு விடை காண, லோவும் அவருடைய சகாக்களும் இரண்டு வகை மனிதர்களை வெகுகாலம் பின்தொடர வேண்டியிருந்தது. சிறு வயது முதலே பல் வைத்தியம் கிரமமாகக் கிடைத்த 565 பேரை ஆஸ்லோ நகரத்து மாணவர்களிலிருந்தும் கல்விமான்களிலிருந்தும் 1969-இல் தேர்ந்தெடுத்தார்கள். அதற்கு நேர்மாறாக, பல் வைத்தியத்தின் நிழலே படாத 480 ஆண்களை 1970-இல் இலங்கையின் மத்திய மலைநாட்டிலே, பூண்டுலோயாப் பக்கத்து டன்சினன், ஹரோ என்னும் தேயிலைத் தோட்டங்களில் தேர்ந்தெடுத்தார்கள். அவர்கள் தமிழ்த் தொழிலாளர்கள். தொடக்கத்தில் அவர்களுடைய வயது பதினான்கு முதல் முப்பத்தொன்று வரை. பிரஷ் என்பதை அறியாதவர்கள். கங்காணியின் பின்னே தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து மலையேறிய ஜனங்களின் சந்ததியார். இங்கே பகாங் மலைகளில் காடழித்துக் கன்று நட்டவர்களுக்கு அவர்கள் ஒருவகையில் பங்காளிகளே.

பதினைந்து வருஷங்களில் பலமுறை அவர்களுடைய வாய்களைத் திறந்து பார்த்து, ஒவ்வொரு பல்லின் ஓரத்திலும் அளவுகோலை இறக்கிக் குறித்துக்கொண்டார்கள். 1985-இல் இறுதிப் பரிசோதனைக்கு எஞ்சியவர்கள் 161 பேர். அவர்கள் அனைவருடைய ஈறுகளும் வீங்கியிருந்தன. எல்லோருடைய பற்களிலும் அழுக்கு கல்லாய் இறுகிக் காரை கட்டியிருந்தது. அவ்வளவு அழுக்கு எல்லோருக்கும் பொதுவாக இருந்தும், விளைவு மட்டும் பொதுவாக இல்லை என்பதே ஆராய்ச்சியாளர்களைத் திகைக்கவைத்த உண்மை. நூற்றுக்குப் பதினோரு பேருக்கு வீக்கத்துக்குமேல் ஒன்றும் நேரவில்லை. எலும்பு ஏறக்குறைய அப்படியே இருந்தது. நூற்றுக்கு எண்பத்தொரு பேருக்கு மெதுவாகவும் நிச்சயமாகவும் கரைந்தது. நாற்பத்தைந்து வயதுக்குள் அவர்கள் சராசரி ஏழு பற்களை இழந்தார்கள். மற்ற எட்டுப் பேருடைய கதைதான் படிப்பவர் மனத்தை வருத்துவது. இருபது வயதிலேயே அவர்களுக்குப் பல் விழத் தொடங்கியது. முப்பத்தைந்தில் பன்னிரண்டும், நாற்பதில் இருபதும் போய், நாற்பத்தைந்தில் ஒரு பல்லும் மிஞ்சவில்லை. இத்தனைக்கும் அந்த ஜனங்களின் பற்களில் சொத்தை என்பது அநேகமாக இல்லவே இல்லை. விழுந்த பற்கள் அனைத்தும் ஈறு நோயால் விழுந்தவை.

பல் மருத்துவம் பயிலும் மாணவர்கள் உலகெங்கும் இந்த எட்டு, எண்பத்தொன்று, பதினொன்று என்னும் மூன்று எண்களை இன்றும் மனப்பாடம் செய்கிறார்கள். அவற்றுக்குப் பின்னால் இருப்பவர்கள் காலை ஆள்கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நின்று, உரம் சுமந்து, கவாத்து வெட்டிய மனிதர்கள் என்பதை நினைக்கும்போது, விஞ்ஞானத்தின்மீது எனக்குள்ள மரியாதை குறையாமலேயே, ஒரு கடன் தீர்க்கப்படாமல் நிற்கிறது என்ற உணர்ச்சி மேலிடுகிறது. நோயின் இயற்கையான போக்கு எத்தகையது என்பதை அவர்களுடைய வாய்களிலிருந்து உலகம் கற்றுக்கொண்டது. கற்றதன் பயன் முதன்முதலாக வந்து சேரவேண்டிய இடம் தேயிலை லயங்களல்லவா? 2010-ஆம் ஆண்டில் ஆராய்ச்சியாளர்கள் மீண்டும் அந்த மலைக்குச் சென்றபோது, ஆதியில் பெயர் கொடுத்தவர்களில் 75 பேரைக் கண்டு பரிசோதிக்க முடிந்தது. நாற்பது வருஷக் குறிப்புகளையும் ஒன்றுசேர்த்து ஆராய்ந்ததில், காரையும் புகைபிடித்தலும் எலும்பரிப்போடு சேர்ந்தே செல்வது தெளிவாயிற்று.

இந்த ஆராய்ச்சியைத் தவறாகப் படித்துவிடவும் இடமுண்டு. நூற்றுக்குப் பதினோரு பேர் துலக்காமலே தப்பினார்கள் என்பதால் துலக்குவது வீண் என்று ஒருவர் வாதிக்கக்கூடும். அந்தப் பதினொன்றில் தாம் ஒருவரா, எட்டில் ஒருவரா என்பதை இருபது வயதில் கண்ணாடியைப் பார்த்து எவரும் சொல்லிவிட முடியாது என்பதே அதற்கு விடை. பெற்றோருக்கு இளவயதிலேயே பல் ஆடியிருக்குமானால், பிள்ளைகள் அதிக ஜாக்கிரதையோடு இருக்கவேண்டும் என்பதுமட்டும் நிச்சயம். ஏனென்றால் இந்த நோய்க்கு இடங்கொடுக்கும் தேகவாகு ஓரளவு பரம்பரையாகவும் வருகிறது.

தேகவாகுக்கு அடுத்தபடியாக, நம்மவரிடையே இந்நோயை வளர்ப்பவை இரண்டு. முதலாவது புகையிலை. சிகரெட்டாகப் புகைத்தாலும், வெற்றிலையோடு சேர்த்துக் கன்னத்தில் அடக்கினாலும், அது ஈறுகளுக்கு விஷமே. அதிலும் புகைப்பவர்களுக்கு ஈறின் ரத்த ஓட்டம் குறுகிவிடுவதால் கசிவு தெரிவதில்லை; எச்சரிக்கை மணி அறுந்துபோன வீட்டில் தீ பரவுவதைப் போல, எலும்பு கரைந்துகொண்டிருக்கும்போதே 'எனக்கு ரத்தமே வராது' என்று அவர்கள் திருப்தியடைகிறார்கள். இரண்டாவது நீரிழிவு. 2019-ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் வயதுவந்தவர்களில் நூற்றுக்குப் பதினெட்டுப் பேருக்கு மேல் இனிப்புநீர் வியாதி கொண்டவர்கள். இந்தியர்களிடையே அது மற்ற இனத்தாரைவிட மிகுதி. சர்க்கரை கட்டுக்கு அடங்காதவர்களுக்கு ஈறு விரைவில் அழிகிறது. ஈறு அழன்றுகொண்டிருப்பவர்களுக்குச் சர்க்கரையும் அடங்க மறுக்கிறது. மேற்சொன்ன ஹரால்ட் லோ அவர்களே 1993-இல் ஈறு நோயை நீரிழிவின் ஆறாவது உபாதை என்று பெயரிட்டார். ஈறுக்கு முறையாகச் சிகிச்சை செய்தால், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு சுமார் 0.4 விழுக்காட்டுப் புள்ளி இறங்குகிறது என்பது இன்று உறுதிப்பட்ட செய்தி. மாத்திரைக்காக மாதந்தோறும் கிளினிக்கில் வரிசையில் நிற்பவர்களிடம், 'வாயைத் திறங்க அம்மா' என்று கேட்க ஒருவர் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

மலேசியாவில் பல் சேவை இல்லாமலில்லை. நியூசிலாந்து முறையைப் பின்பற்றி 1949-இல் பினாங்கிலே தொடங்கிய பயிற்சிப் பள்ளியிலிருந்து வந்த பல் தாதியர் பரம்பரை, பள்ளிப்பிள்ளைகளின் பற்களைக் காப்பதில் ஆற்றியுள்ள தொண்டு போற்றத்தக்கது. தமிழ்ப்பள்ளி வாசலில் பிள்ளைகள் கையில் பிரஷும் குவளையுமாக வரிசையாக உட்கார்ந்து துலக்கிப் பழகும் காட்சி எந்தப் பெற்றோரையும் மகிழ்விப்பது. குழாய்நீரில் ஃபுளோரைடு சேர்ப்பது 1972-இல் தேசியக் கொள்கையாயிற்று. ஆனால் ஃபுளோரைடு சொத்தையைத் தடுக்குமேயன்றி ஈறைக் காக்காது. பள்ளியைவிட்டு வெளியேறிய பின், தேடிச் சென்றாலன்றி எவரும் நம் வாயைப் பார்ப்பதில்லை. 2010-ஆம் ஆண்டின் தேசிய ஆய்வில், வயதுவந்தோரில் நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு பேருக்கு ஈறுகளில் ஏதேனும் ஒரு கோளாறும், ஏறக்குறைய பாதிப் பேருக்கு எலும்பரிப்பும், பதினெட்டுப் பேருக்குக் கடுமையான நிலையும் இருந்ததாகக் காணப்பட்டது. கோலா தெர்லாவில் இருப்பவர் பல் வைத்தியரைத் தேடித் தானா ராத்தாவுக்குப் போய்வர ஒரு நாள் சம்பளத்தை விடவேண்டும். அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் ஒரு வெள்ளிதான் என்றாலும், அந்த ஒரு நாளின் விலை ஒரு வெள்ளியன்று. ஆகவே பல் தாங்கமுடியாமல் வலிக்கும்போது மட்டுமே போகிறார்கள். அப்போது பிடுங்குவதைத் தவிர வேறு வழி இருப்பதில்லை. பல் வைத்தியர் என்றால் பிடுங்குகிறவர் என்ற எண்ணமும் அதனாலேயே ஊன்றிப்போயிற்று. இன்று கொழுந்து வெட்டும் கைகளில் பல நேப்பாளத்திலிருந்தும் வங்காள தேசத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்தவை. வலிக்கும்போது மட்டுமே போகும் நிலைமைதான் அவர்களுக்கும். பிள்ளைகளைத் தேடிப் பள்ளிக்கு வருகிற பல் வைத்திய வண்டி, தோட்ட ஆபீசுக்கும் வருஷத்துக்கு ஒருமுறை வந்து நின்றால் போதும் என்பது என் துணிபு.

காரை எடுப்பதைப் பற்றி நம் ஜனங்களிடையே வேரூன்றியிருக்கும் ஓர் அச்சத்தைப் பற்றியும் சொல்லியே ஆகவேண்டும். அழுக்குப் படலத்தில் உமிழ்நீரின் உப்புகள் ஊறிக் கல்லாய் இறுகுவதுதான் காரை. கீழ்வரிசை முன்பற்களின் உட்புறத்தில், நாக்கு நுனி தொடும் இடத்தில், அது முதலில் கட்டும். அதைப் பிரஷ்ஷால் அகற்ற முடியாது. வைத்தியர்தான் கருவியால் பெயர்க்கவேண்டும். தோட்டத்து மூதாட்டி ஒருவர் காரை எடுத்துக்கொண்டு வந்த மாலை, நாக்கால் பல்லிடுக்குகளைத் துழாவிப் பார்த்து, 'நல்லாத்தானே இருந்துச்சு, இப்ப சந்து விழுந்துடுச்சே, பல்லும் ஆடுதே' என்று கலங்கியதை நான் அருகிலிருந்து கேட்டிருக்கிறேன். அவர் கண்டது முழுக்க உண்மை. ஊகித்த காரணம்தான் தவறு. ஈறும் எலும்பும் விலகிய இடத்தைக் காரை அடைத்துக்கொண்டிருந்தது. ஆடும் பற்களை அதுவே ஒன்றோடொன்று ஒட்டிப் பிடித்திருந்தது. காரை போனதும் ஏற்கெனவே நிகழ்ந்த சேதம் கண்ணுக்குத் தெரிந்தது. வீங்கிய ஈறு சில வாரங்களில் வற்றி இறுகியதும், லேசான ஆட்டம் பெரும்பாலும் குறைந்துவிடுகிறது. இதை முன்கூட்டியே இரண்டு வார்த்தை தமிழில் எடுத்துச் சொல்லும் வைத்தியரிடம் மக்கள் மறுமுறையும் போவார்கள், சொல்லாதவரிடம் போகமாட்டார்கள்.

வீட்டில் செய்யவேண்டியது அதிகமில்லை. ஆனால் செய்யும் முறையில் சிரத்தை வேண்டும். ஆலும் வேலும் பல்லுக்கு உறுதி என்று நம் முன்னோர் கண்டது, குச்சியின் நுனியை மென்று நாராக்கித் தேய்த்ததில் அழுக்கு அகன்றதால்தான். அந்தக் கருத்து இன்றும் பழுதற்றது. அடுப்புக்கரியும் செங்கல் தூளும் சாம்பலும் அப்படியல்ல. அவை பல்லைத் தேய்த்து வெளுப்பாக்கிவிட்டு, ஈறோரத்து அழுக்கை அங்கேயே விட்டுவிடுகின்றன. விலகிய ஈறின்கீழ் தெரியும் மெல்லிய வேரையும் அறுத்துவிடுகின்றன. மிருதுவான நாருள்ள பிரஷ்ஷை எடுத்து, பல்லின் நடுவில் குறுக்கே அறுப்பதுபோல் இழுக்காமல், நாரின் நுனி பல்லும் ஈறும் சேரும் ஓரத்தில் சாய்வாகப் பதியும்படி வைத்து, சிறு சிறு அசைவாக ஒவ்வொரு பல்லாக நகர்த்தவேண்டும். பல்லிடுக்கு விரிந்தவர்களுக்கு அதற்கென்றே சிறு பிரஷ் கடைகளில் கிடைக்கிறது. ரத்தம் வருகிற இடத்தைத் தொடாமல் விட்டுவிடுவதுதான் எல்லோரும் செய்யும் பிழை. ரத்தம் வருகிற இடமே நாம் இதுவரை துலக்காத இடம். ஒரு வாரம் நிதானமாகத் துலக்கிவர, பெரும்பாலும் கசிவு நிற்கும். நிற்காவிட்டால் வைத்தியரிடம் காட்டத்தான் வேண்டும். ஸ்வீடன் தேசத்துக் கார்ல்ஸ்டாட் நகரில் 1972 முதல் முப்பது வருஷம் இவ்வாறு வீட்டுச் சுத்தத்தையும் அவரவர்க்கு வேண்டிய அளவு வைத்தியரின் சுத்தத்தையும் விடாமல் கைக்கொண்ட 257 பேரில், முதியவர்கள்கூடச் சராசரி இரண்டு பற்களுக்கும் குறைவாகவே இழந்தார்கள். டன்சினன், ஹரோ தோட்டங்களில் நூற்றுக்கு எண்பத்தொரு பேராக இருந்த கூட்டத்தார் நாற்பத்தைந்து வயதுக்குள்ளேயே சராசரி ஏழு பற்களை இழந்ததோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும்.

காலை, இரவு என்று துலக்கவேண்டிய இரண்டு வேளையில் ஒன்றைத்தான் கடைப்பிடிக்க முடியும் என்பவர்கள் இரவைத் தேர்ந்துகொள்வது நலம். உறக்கத்தில் உமிழ்நீர் குறைவதால் கிருமிகளுக்கு அதுவே வசதியான காலம். காலையில் பெரட்டு மணிக்கு முன் குளிரில் நடுங்கிக்கொண்டு நிதானமாகத் துலக்கு என்று சொல்வது எளிது, செய்வது கடினம். இரவிலோ அவசரமில்லை. மேலும், கடைசித் தேநீர் போட்டபின் அடுப்பின்மேல் இருக்கும் கெண்டியில் அரைக்குவளை வெதுவெதுப்பான தண்ணீர் எல்லா வீட்டிலும் மிஞ்சியிருக்கும். குழாயடியில் கன்னத்தைப் பொத்திக்கொண்டு நின்றவர் அந்தத் தண்ணீரை வாங்கிக் கொப்பளித்தால், கூசாது.